முன்பணம் எனும் முள்வேலி

வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர்களை அழைக்கிறோம். ஒரு பெயருக்கு மட்டும் விடை இல்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. "எங்கே அவன்? காய்ச்சலா?" என்று கேட்கிறோம். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுகிறான்.

"காய்ச்சல் இல்லீங்க ஐயா. அவங்க அப்பா மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டாரு. வீட்டோட காப்பித் தோட்டத்துக்குப் போயிட்டாங்க. மாசி முடிஞ்சாத்தான் வருவாங்க."

கூறிவிட்டு உட்கார்ந்துகொள்கிறான். மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டான் சிறுவன்! வியப்பு இல்லை, வேதனை இல்லை, வினாவும் இல்லை. ஏன் இருக்கப்போகிறது? அவன் தந்தையும் சென்ற ஆண்டு அவ்விதம் போய் வந்தவர்தானே!

சேந்தமங்கலத்திலிருந்து எழுதுகிறோம். கொல்லிமலையின் அடிவாரத்து ஊர் இது. காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலை. மிளகும் காப்பியும், பலாவும் அன்னாசியும், சாமையும் மரவள்ளியும் விளைகிற மலை. வல்வில் ஓரி ஆண்ட மலை! செம்மேட்டிலே ஓரிக்குச் சிலை நிற்கிறது; ஆடித் திங்களிலே அரசு விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று மேடையிலே புகழ் பாடுகிறோம். வாரி வழங்கிய கைக்குரியவன் ஆண்ட மலையின் மக்களோ, இன்று மேஸ்திரியின் முன்னே கை நீட்டி நிற்கிறார்கள். அரசு ஏடுகள் இவர்களை 'மலையாளி' என்று குறிக்கும். கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர்கள், மலையை ஆளும் தமிழ்ப் பழங்குடியினர். மலையை ஆண்டவன் பெயரால் விழா. மலையை ஆள்வோர் கையிலே கடன்!

அந்தத் தந்தை வாங்கியது பணம். அடகு வைத்தது எதை? நிலத்தையா? நகையையா? இரண்டும் இல்லை. "இந்த வேலை எனக்கு வேண்டாம், வேறு வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லும் உரிமையை அடகு வைத்தார். பாட்டாளியின் பெட்டியிலே பூட்டி வைக்கத்தக்க சொத்து அது ஒன்றுதான். அந்தச் சொத்தும் மேஸ்திரியின் குறிப்பேட்டிலே ஒரு வரியாகிவிட்டது.

தோழர்களே! கடன் வாங்கியவன் கட்டவேண்டும். அதிலே நமக்கு ஐயமில்லை. வாங்கியதை ஏப்பமிட்டுவிட்டு வாய்வீரம் பேசுவது பகுத்தறிவு ஆகாது. ஆனால், கடன்பட்டவன் வேலை மாறக்கூடாது, கடன் தீரும்வரை கட்டின தறியிலே கிடக்கவேண்டும் என்று ஒரு நீதி உலவுகிறதே, அந்த நீதியைத்தான் நாம் எதிர்க்கிறோம். அது நீதியன்று, முள்வேலி. உள்ளே இருப்பவனுக்குக் காவல் என்று கூறி, வெளியே போகாமல் தடுக்கும் வேலி!

"எழுதப் படிக்கத் தெரியாதவன் ஏமாந்தான், நமக்கென்ன?" என்று பட்டதாரித் தோழர் எவரேனும் எண்ணக்கூடும். எண்ண வேண்டாம். நம் கதையைக் கேளுங்கள்.

வரலாற்றிலே பட்டம் பெற்றோம். ஆசிரியப் பயிற்சியும் முடித்தோம். தனியார் பள்ளியொன்றிலே இடம் கிடைத்தது. மாதம் 9,000 ரூபாய். மே மாதத்துக்கு ஊதியம் இல்லை. சேர்ந்த நாளிலேயே, "மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். எதற்கு? "ஆண்டின் இடையிலே நீங்கள் வேறிடம் போய்விடாமல் இருக்க!" ஒளிவு மறைவில்லாமல் கூறினார்கள். முதல் மாத ஊதியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நம் பட்டம் அவர்கள் பேழையிலே! பதினேழு ஆண்டுகள் படித்துப் பெற்ற தாள்களைப் பார்க்க வேண்டுமென்றாலும் அனுமதி கேட்க வேண்டும்!

2022 ஆம் ஆண்டு, அரசுப் பள்ளிகளின் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிகமாக நிரப்ப அரசு ஆணையிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் தொகுப்பூதியம். நிலையான வேலையன்று; ஆயினும் ஆயிரம் ரூபாய் கூடுதல். கடன்காரனுக்கு ஆயிரம் ரூபாயின் அருமை தெரியும். சான்றிதழ் கேட்டுச் சென்றோம். நான்கு முறை நடந்தோம். இறுதியிலே, பிடித்து வைத்த ஊதியத்தைக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே பேழை திறந்தது. 9,000 ரூபாய் கொடுத்து நம் சான்றிதழை நாமே மீட்டோம்! அடகுக் கடையிலாவது, வைக்கும்போது பணம் தருவான். இங்கே வைத்ததும் நாம், பணம் கொடுத்ததும் நாம்!

மலைமேலிருந்து போன தந்தைக்கும், மலையடிவாரத்துப் பட்டதாரிக்கும் என்ன வேறுபாடு? அவருக்குக் குறிப்பேடு, நமக்குப் பேழை. வேலி ஒன்றுதான்.

இந்த வேலி நேற்று முளைத்ததன்று. வரலாறு படித்தவர் என்ற முறையிலே சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

கி.மு. 594 இல் ஏதென்ஸ் நகரம். கடன் வாங்கிய உழவன் தன் உடலையே ஈடாக வைத்தான். கட்ட முடியாதபோது அடிமையானான். கடல் கடந்தும் விற்கப்பட்டான். சோலோன் என்ற சட்ட அறிஞன் ஆட்சிப் பொறுப்பேற்றான். இனி எவரும் மனித உடலை ஈடாகக் கொண்டு கடன் தரலாகாது என்று விதித்தான். அயல்நாடுகளில் விற்கப்பட்டோரை மீட்டு வந்தான். சுமையிறக்கம் என்று அந்தச் சீர்திருத்தத்துக்குப் பெயரிட்டது கிரேக்கம். இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னே இறக்கிய சுமை!

நம் நாட்டிலே ஏற்றினார்கள். 1859 ஆம் ஆண்டு, வெள்ளையர் ஆட்சி வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் என்றொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், நீதிபதி அவனைத் திரும்ப வேலைக்குப் போகச் சொல்வார். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை! பணக்காரன் பணக்காரனிடம் பட்ட கடன் உரிமையியல் வழக்கு. ஏழை முதலாளியிடம் பட்ட முன்பணம் குற்ற வழக்கு! அந்தச் சட்டத்தை நீக்க மற்றொரு சட்டம் 1925 இல்தான் பிறந்தது. இடைப்பட்ட அறுபத்தாறு ஆண்டுகளில், வேலை மாற நினைத்த குற்றத்துக்காகக் கம்பி எண்ணியவர்களுக்கு எந்த ஊரிலே சிலை இருக்கிறது?

கடலுக்கு அப்பாலும் பாருங்கள். திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழன் கப்பலேறும்போதே கடனாளி. வழிச்செலவு கடன், உணவு கடன், கம்பளி கடன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்பினால், 'துண்டு' என்றொரு சீட்டு வேண்டும். இவ்வளவு கடன் இருக்கிறது, அதைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் தாள் அது. புதிய துரை பழைய துரைக்குப் பணம் கட்டுவான்; கடன் தீராது, இடம் மாறும். தொழிலாளி வேலை மாறினான் என்பதா? கடன் வேலை மாறியது, அதன் பின்னே அவன் இழுபட்டான் என்பதா? 1921 இல் இலங்கை அரசு துண்டு முறையை ஒழித்தது. ஒழிந்தது இலங்கையிலே, நம் சான்றிதழைப் பூட்டிய பேழையிலே அந்தத் துண்டு உயிரோடுதான் இருந்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது! கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. கொத்தடிமை என்றதும் காலிலே சங்கிலி, முதுகிலே சாட்டை என்று திரைப்படக் காட்சியை எண்ணிக்கொள்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பணத்துக்காக ஒருவன் கூலியின்றியோ பெயரளவு கூலிக்கோ உழைக்க நேர்ந்தால் கொத்தடிமை. வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால் கொத்தடிமை. நாட்டிலே விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையை இழந்தால் கொத்தடிமை. தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தால் கொத்தடிமை. இவற்றில் ஒன்று போதும், நான்கும் வேண்டியதில்லை. ஒப்பந்தம் எழுத்திலே இருக்கவேண்டும் என்பதும் இல்லை, வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. அத்தகைய கடன் செல்லாது, திருப்பிக் கட்டவேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவன் தலையிலே. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. மனுவைப் பெற்று விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தர வேண்டியவர் கோட்டாட்சியர். இவ்வளவும் சட்டத்திலே இருக்க, நாமக்கல்லுக்கும் கொல்லிமலைக்கும் இடையே எழுபது வளைவுகளில் எந்த வளைவிலே அந்தச் சட்டம் மயங்கி விழுந்தது?

சட்டத்துக்கு முன்னே பழமொழி நிற்கிறது, அதுதான் காரணம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பார்கள். முன்பணம் கொடுத்த மேஸ்திரி உப்பிட்டவராம். அவரை விட்டுப் போவது நன்றி கொன்ற செயலாம். நாம் கேட்கிறோம்: உப்பு எங்கே இருக்கிறது? மிளகுக் கொடியிலே ஏணி சாத்தி ஏறுபவன் நெற்றியிலே வழிகிறதே, அதிலே இருக்கிறது உப்பு! உப்பிட்டவன் அவன், உண்டவர் மற்றவர். நன்றி மறந்தவர் யார் என்பதைப் பழமொழி பேசுவோர் சொல்லட்டும்.

"ஓரிடத்திலே நிலைத்திருக்கத் தெரியாதவன் கடனை எப்படி அடைப்பான்? காலிலே சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறானே!" என்று உறவினர்கள் நம்மைப் பற்றியும் பேசினார்கள். பள்ளி, தற்காலிகப் பணி, நாமக்கல்லிலே லாரி புக்கிங் அலுவலகம், மீண்டும் தற்காலிகப் பணி. மூன்றாண்டுக்குள் நான்கு இடம்! வேலை நம்மை விட்டதா, நாம் வேலையை விட்டோமா என்று எவரும் கேட்கவில்லை. ஏப்ரலோடு முடிந்துவிடும் பணியிலே ஜூன் மாதம் எப்படி நிலைத்திருப்பது? நிலையான வேலை கொடுக்காத உலகம், நிலைத்திருக்கவில்லை என்று பழி கூறுகிறது. கதவையும் சாத்திவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதுபோல!

வேலை மாறும், தவணை மாறாது. அதுவே சிக்கல். ஊதியம் நின்ற மாதத்திலும் ஐந்தாம் தேதி வருகிறது, கடன்காரனும் வருகிறான். அந்த ஒரு மாத இடைவெளியிலேதான் புதிய கடன் பிறக்கிறது. நாள் தண்டல், குழுக்கடன், இன்று கைப்பேசியிலே ஐந்து நிமிடத்திலே பணம் தரும் செயலி என்று வலை விரித்துக் காத்திருப்போர் அந்த மாதத்தை எதிர்பார்த்தே காத்திருக்கிறார்கள்.

அந்த மாதத்திலேதான் சோதிடரும் வருகிறார். "கடன் கிரகக் கோளாறு. மைத்ர முகூர்த்தம் என்று ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்திலே முதலில் சிறு பகுதியைத் திருப்பிக் கொடு, மீதியும் விரைவிலே தீரும்" என்கிறார். இதைக் கேட்டு நம் அன்னையார் நாள் குறித்துக்கொண்டு வந்தார். நாம் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டோம். முதலில் சிறு பகுதி கழிந்தால் வட்டி குறையும். வட்டி குறைந்தால் அடுத்த மாதம் முதலில் இன்னும் கொஞ்சம் கழியும். இது கூட்டல் கழித்தல். திங்கட்கிழமை கழித்தாலும் குறையும், அமாவாசையன்று கழித்தாலும் குறையும், இராகு காலத்திலே கழித்தால் கூடாமல் இருந்துவிடாது! வேலை செய்வது முதலைக் கழித்த காசு. பெயர் வாங்குவது முகூர்த்தம். முதலைக் கழி என்பது நல்ல அறிவுரை. அதை விண்மீனிடம் ஏன் வாடகைக்கு விடுகிறீர்கள்? கடன்பட்டது முன்வினை என்றால், வட்டி வாங்கிக் கொழுப்பதும் முன்வினையா? அந்தக் கோள் ஏன் ஏழை வீட்டு முகவரியை மட்டும் மறவாமல் வைத்திருக்கிறது?

அன்னையாரோடு உட்கார்ந்து கணக்கு எழுதினோம். வீட்டிலே ஒரு லட்சம் ரூபாய்க் கடன். 'மூன்று வட்டி', நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 3,000 கட்டி வந்தோம். ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று பெருமை வேறு! முப்பத்துநான்கு மாதம் அவ்வாறு கட்டினால் 1,02,000 ரூபாய் கொடுத்திருப்போம். அப்போதும் ஒரு லட்சம் கடன் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு! நாள் தண்டலோ இதைவிடக் கொடிது. பத்தாயிரம் என்று பெயர். கையிலே தருவது ஒன்பதாயிரம். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே போவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு எண்பதை நெருங்குகிறது! இதை விலக்கவே தமிழ்நாட்டிலே 2003 இல் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதிலே பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை. 2025 இல், கடன் வசூலிப்பிலே மிரட்டலையும் வன்முறையையும் தடுக்க மற்றொரு சட்டமும் பேரவையிலே நிறைவேறியது. சட்டங்கள் ஏட்டிலே, தண்டல்காரர் வீட்டு வாசலிலே!

அந்த லட்சம் ரூபாய் எதற்கு வாங்கியது? இங்கேதான் நாம் தலைகுனிந்து நிற்கவேண்டியிருக்கிறது. தங்கையின் திருமணத்துக்கு! மண்டபம், மேளம், மூன்று பந்திச் சாப்பாடு, வாசலிலே வண்ண விளக்கு. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967 இல் அண்ணாவின் அரசு சட்ட ஏற்பு அளித்தது. மாலையும் உறுதிமொழியும் போதும் என்ற சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையிலே இருக்கிறது. மேடையிலே அதைப் பற்றி முழங்கியவர்கள் நாம். வீட்டிலே, "ஊர் என்ன சொல்லும்?" என்று அன்னையார் கேட்டபோது வாயடைத்து நின்றவர்களும் நாமே. ஊர் ஒரு நாள் சாப்பிட்டது. நாம் மூன்றாண்டு வட்டி கட்டினோம். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கருமாதி என்று ஒவ்வொரு சடங்கும் கடன் பத்திரத்திலே கையெழுத்துக் கேட்கிறது. பிறருக்கு உபதேசம் செய்யுமுன் இந்தக் குற்றத்தை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

மீண்டது எப்படி? மந்திரம் இல்லை. அன்னையாரின் இரண்டு பவுன் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்திலே ஈடு வைத்து ஐம்பதாயிரம் பெற்றோம். அங்கே வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைவு. அந்த ஐம்பதாயிரத்தை மூன்று வட்டிக்காரரிடம் முதலிலே கழித்தோம். மாதவட்டி 3,000 என்பது 1,500 ஆயிற்று. மீதி ஐம்பதாயிரத்துக்கு மாதம் 4,000 வீதம் கட்டினோம். வட்டி போக எஞ்சியது முதலிலே கழிந்தது. வேலை இல்லாத மூன்று மாதங்களில் வட்டி மட்டும் கட்டினோம். 2022 அக்டோபரில் தொடங்கியது 2024 ஏப்ரலில் முடிந்தது. பத்தொன்பது மாதம்! கல்விக்கடனுக்கு வங்கிக்கு எழுதிக் கொடுத்தோம்; தவணையைக் குறைத்து ஆண்டைக் கூட்டினார்கள். அது இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், எவ்வளவு இருக்கிறது, எப்போது முடியும் என்பது தெரிகிறது. தெரிந்த கடன் எதிரி. தெரியாத கடன் பேய். எதிரியோடு போரிடலாம்; பேய்க்குப் பயந்துகொண்டுதான் கிடக்கவேண்டும்.

இதிலே கற்றவை சில. ஒன்று: கடனை வீட்டாரிடம் மறைக்காதீர். மறைத்த கடனுக்கு வட்டி இரண்டு. ஒன்று பணத்திலே, ஒன்று மனத்திலே. இரண்டு: வட்டி மிகுந்த கடனை முதலிலே வீழ்த்துக. நச்சரிப்பவர் கடன் வேறு, நசுக்கும் கடன் வேறு. மூன்று: வேலையை விடுமுன் இரண்டு மாதத் தவணையைத் தனியே எடுத்து வையுங்கள், அந்தப் பணமே "போகிறேன்" என்று சொல்லும் துணிவைத் தருகிறது. நமக்கு வேலையில்லாத மாதங்களிலே வட்டி கட்டியது அந்தப் பணம்தான். நான்கு: தவணை தவறிய பிறகு ஒளிந்து திரிவதைவிட, தவறுமுன் நேரே போய்ச் சொல்லுங்கள். எழுத்திலே கேளுங்கள், கட்டியதற்குச் சீட்டுப் பெறுங்கள். ஐந்து: குழுக்கடன் வாங்கும் பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள்: 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் யாவும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியை மீறும்படி நுண்கடன் தரக்கூடாது, முன்கூட்டியே அடைத்தால் தண்டமும் விதிக்கக்கூடாது.

ஆயினும், தோழர்களே, தனி மனிதன் சிக்கனமே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கூறும் நாணயவான்களோடு நாம் சேரமாட்டோம். நமக்கு இரண்டு பவுன் சங்கிலி இருந்தது. கூட்டுறவுச் சங்கம் நடக்கும் தூரத்திலே இருந்தது. கணக்குப் போடப் படிப்பு இருந்தது. மூன்றும் இல்லாதவருக்கு என்ன வழி? 1951-52 இல் எடுத்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவு கொடுத்தது நூற்றுக்கு மூன்று, லேவாதேவிக்காரர் கொடுத்தது ஏறத்தாழ எழுபது என்று கண்டது. அதன் பின்னே கூட்டுறவு வளர்ந்தது, மறுக்கவில்லை. மலைவாழ் மக்களுக்கென்று பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் எழுந்தன. ஆனால் ஐப்பசியிலே அரிசிக்கும் மருந்துக்கும் ஐயாயிரம் ரூபாய் தேவைப்படும் கூலிக்கு, பட்டா கேட்காமல், பத்து நாள் காக்க வைக்காமல் கடன் தருபவர் யார்? மேஸ்திரி ஒருவர்தான். அவர் இரவிலே கதவைத் தட்டிக் கொடுக்கிறார். நம் சங்கம் பகலிலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறதா? மேஸ்திரியை ஒழிப்போம் என்று முழங்குவது எளிது. மேஸ்திரியின் இடத்தை நிரப்பாமல் அவரை ஒழிக்க முடியாது.

எனவே கேட்கிறோம். வேலைக்காலம் தொடங்குமுன் கூலி மக்களுக்கு ஈடில்லாச் சிறுகடன் தரும் கடமையை மலைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கட்டும். முன்பணம் கொடுத்து ஆளெடுப்போர் பெயரும் தொகையும் கூலியும் ஊராட்சியிலே பதிவாகட்டும். ஆசிரியரின் மூலச் சான்றிதழைப் பூட்டி வைக்கும் வழக்கத்தைக் குற்றமாக்கட்டும். ஏப்ரலிலே அனுப்பி ஜூனிலே அழைக்கும் தற்காலிகப் பணிக்கு, பன்னிரண்டு மாத ஊதியம் வரட்டும். மாதத்துக்கு மாதம் வயிறு விடுமுறை எடுப்பதில்லை!

அரசிடம் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கலாமா? மேஸ்திரி மலையேறுவது புரட்டாசி ஐப்பசியிலே. நாம் ஆவணியிலே ஏறுவோம். மன்றம் வைத்துப் படிக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். வீடு வீடாகச் செல்வோம். எவ்வளவு வாங்கினாய், எவ்வளவு கட்டினாய், எத்தனை நாள் உழைத்தாய், நாளுக்கு என்ன கூலி என்று கேட்டு எழுதுவோம். எழுதிய தாளை அவர் கையிலேயே கொடுப்போம். மேஸ்திரியிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. தொழிலாளியிடமும் ஒன்று இருக்கட்டும்! கணக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும்வரை அது கணக்கன்று, கட்டளை. இருபுறமும் இருக்கும் நாளிலேதான் பேச்சு தொடங்கும். கொத்தடிமையின் அடையாளம் தெரிந்த இடத்திலே, மனு எழுதி, அவரோடு நாமும் நாமக்கல் கோட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறுவோம்.

வராத மாணவனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாமா என்று அலுவலகத்திலே கேட்டார்கள். நீக்கவில்லை. நாள்தோறும் அழைக்கிறோம்; விடை வராது என்று தெரிந்தும் அழைக்கிறோம். வகுப்பிலுள்ள முப்பத்தொரு பேரும் அந்த ஓசையின்மையைக் கேட்கட்டும் என்பதற்காக அழைக்கிறோம். மாசி முடிந்து அவன் வருவான். வந்ததும் அவனுக்கு முதல் பாடம் வரலாறன்று, வட்டிக் கணக்கு. அவன் தந்தையையும் உடன் அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம்.

கடனைக் கட்டுவோம், கட்டுண்டு கிடக்கமாட்டோம்! வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவோம். வாழும் உரிமையைத் தரமாட்டோம்! ஆவணியிலே, காரவள்ளி அடிவாரத்திலே, குறிப்பேட்டோடு காத்திருப்போம். தோழர்களே, வாரீர்!